எங்க வீட்டு ராகி சாக்லேட் குக்கீஸ்

டீயில் சர்க்கரை வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அந்த டீக்குத் தொட்டுக்கொள்ள நாலு சாக்லேட் பிஸ்கட் எடுப்பார் எங்கள் வீட்டுக்காரர். மூன்று வருடம் முன்பு சுகர் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து இதே கூத்துதான். கேட்டால், "டீயிலதான் விட்டுட்டனே" என்பார். பிஸ்கட்டை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டுப் பார்த்தேன். பேக்கரியில் நின்று தின்றுவிட்டு வர ஆரம்பித்தார். அதற்கு வீட்டிலேயே செய்து, எண்ணிக் கையில் கொடுப்பது மேல் என்று ஓ.டி.ஜி என்கிற சின்ன மின்சார ஓவன் ஒன்று வாங்கினேன்.

முதல் தடவை செய்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. எங்கேயோ பார்த்த குறிப்பில் மைதா இருந்த இடத்தில் ராகி, வெள்ளைச் சர்க்கரை இருந்த இடத்தில் நாட்டுச் சர்க்கரை, அவ்வளவுதான் மாற்றினேன். ஆரோக்கியமாக ஆகிவிட்டது என்று நினைப்பு. வெந்து வந்தது பாதி கல், பாதி மண். பேரன் ஒரு கடி கடித்துவிட்டு, "அம்மாயி, இது களி வாசம் அடிக்குது" என்று தட்டிலேயே வைத்துவிட்டான். அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. வெள்ளைச் சர்க்கரை 100 கிராமில் ஏறக்குறைய 400 கலோரி. நாட்டுச் சர்க்கரையில் 380ஐ ஒட்டி வரும். ஒரு கப்புக்கு ஒரு கப் மாற்றிப் போட்டால் பெரிதாக எதுவும் குறைந்துவிடாது. ரத்தத்தில் ஏறுவதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். நான் இன்றைக்கும் நாட்டுச் சர்க்கரைதான் போடுகிறேன், ஆனால் அந்தக் கருகல் கலந்த மணம் கொக்கோவுக்கு நன்றாகச் சேர்கிறது என்பதற்காக. உடம்புக்கு நல்லது என்று சொல்லி யாரையும் ஏமாற்ற மாட்டேன்.

குறைக்க வேண்டியது சர்க்கரையின் அளவை. பழைய குறிப்பில் 150 கிராம் இருந்தது. 120, 100, 80 என்று வாரம் ஒரு படி இறங்கினேன். 80 வரை வீட்டில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. 60க்குப் போனதும் பிஸ்கட் உருட்டி வைத்தபடியே நின்றது, பரவவேயில்லை, தின்றால் பொடி பொடியாக உதிர்ந்தது. சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. ஈரத்தைப் பிடித்து வைப்பதும், சூட்டில் இளகி மாவைப் பரவ விடுவதும் அதன் வேலை. ஆகவே 80ல் நிறுத்திவிட்டேன்.

இனி அளவு. இது 24 குக்கீஸுக்கு, ஒன்று 20 கிராம் மாவு உருண்டை. சமையல் தராசு இல்லாதவர்கள் ஒன்று வாங்கிவிடுங்கள். ராகி மாவை கப்பில் அமுக்கி அளந்தால் ஒன்று, தூவி அளந்தால் வேறொன்று.

ராகி மாவு 100 கிராம்
கோதுமை மாவு 60 கிராம்
கொக்கோ பவுடர் 25 கிராம்
உப்புச் சேர்க்காத வெண்ணெய் 90 கிராம்
நாட்டுச் சர்க்கரை 80 கிராம், சலித்தது
முட்டை 1
70 சதவீத டார்க் சாக்லேட் 50 கிராம்
வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 40 கிராம்
பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன்
கெட்டி காபி டிக்காஷன் 2 டீஸ்பூன்
உப்பு ஒரு சிட்டிகை

புரட்டாசியில் முட்டை எங்கள் வீட்டில் நுழையாது. அப்போது கெட்டித் தயிர் 2 டேபிள்ஸ்பூனும் பால் ஒரு டேபிள்ஸ்பூனும் விடுகிறேன். கொஞ்சம் மொறுமொறுப்பு குறையும், மற்றபடி குறை சொல்ல முடியாது. மஞ்சள் நிற உப்பு வெண்ணெய்தான் வீட்டில் இருக்கிறது என்றால் அதையே போடுங்கள், தனியாக உப்பு வேண்டாம்.

ராகியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் தோற்பது இங்கேதான். ராகியில் குளூட்டன் கிடையாது, அதனால் தனி ராகியில் செய்தால் பிடிமானம் இருக்காது. அந்த 60 கிராம் கோதுமை மாவு அதற்காகத்தான். பச்சை மாவாகப் போட்டால் பேரன் சொன்ன களி வாசம் வரும். இரும்பு வடச்சட்டியில், சிறு தீயில், ஆறேழு நிமிடம் கை விடாமல் வறுக்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. திடீரென்று வறுத்த கடலை மாதிரி ஒரு வாசம் எழும்பும், அப்போது இறக்கிவிடுங்கள். அதே சட்டியில் விட்டால் அந்தச் சூட்டிலேயே தீய்ந்துவிடும், உடனே தட்டில் கொட்டிப் பரத்த வேண்டும். நன்றாக ஆறிய பிறகே வெண்ணெயில் சேர்க்கலாம். நான் ஒருமுறை அவசரப்பட்டு வெதுவெதுப்பாகக் கலந்து, மாவு கூழாகி, கரண்டியில் ஊற்றும் பதத்துக்கு வந்துவிட்டது.

மில்லில் அரைத்து வந்தால் மெல்லிய கண் சல்லடையில் இரண்டு தடவை சலியுங்கள். நாக்கில் நறநறப்பது அந்தத் தவிடுதான். சலித்ததில் மிஞ்சியதைக் கூழில் போட்டுக்கொள்ளலாம். முளைகட்டிய ராகி மாவு கடையில் கிடைக்கிறது, இன்னும் சத்து என்று நிறையப் பேர் அதை எடுப்பார்கள். முளைக்கும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடுகிறது, அதனால் இனிப்பு கூடுதல், குக்கீயும் அதிகமாகப் பரவும். பிள்ளைகளுக்கு நல்லது. எங்கள் வீட்டுக்காரருக்கு நான் சாதா ராகியில்தான் செய்கிறேன். ராகியின் பெருமை அதன் கால்சியம், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். கோதுமையை விடப் பல மடங்கு. நார்ச்சத்தும் உண்டு. ஆனால் "ராகி என்றால் சுகர் ஏறாது" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வதை நம்பி எட்டு குக்கீ தின்ன வேண்டாம். நைசாக அரைத்த எந்த மாவும் வயிற்றுக்குள் போனால் சீக்கிரம் சர்க்கரையாகிவிடும்.

அடுத்தது கொக்கோ. இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, ஆனைமலைக்காரி. எங்கள் அப்பா தோப்பில் தென்னைக்கு நடுவே ஊடுபயிராக கொக்கோ போட்டிருந்தார். கிளை நுனியில் காய்க்காமல் அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு தொங்கும். பழுத்ததை உடைத்து, கொட்டையைச் சுற்றியிருக்கும் வெள்ளைச் சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்புவோம். அந்தச் சதை புளிப்பும் இனிப்புமாக இருக்கும், சாக்லேட் வாசம் துளியும் இருக்காது. கொட்டையைக் கடித்தால் கசப்பு, அவ்வளவுதான். சதையோடு குவித்து வாழையிலை போட்டு மூடி ஐந்தாறு நாள் புளிக்கவிட்டு, பிறகு வெயிலில் காயவைத்து, வறுத்தால்தான் நமக்குத் தெரிந்த சாக்லேட் மணம் வரும். தோப்பில் அந்தக் குவியல் புளிக்கிற நாட்களில் காடி வாசம் வீடு வரைக்கும் வரும்.

இந்தத் திமிரில் ஒருமுறை கொக்கோ பவுடரை நானே தயாரிப்பது என்று கிளம்பினேன். தம்பியிடம் காய்ந்த கொட்டை ஒரு கிலோ வாங்கி, வறுத்து, தோல் உரித்து, முறத்தில் புடைத்து, மிக்ஸியில் போட்டேன். பவுடர் வரவில்லை. ஓட்ட ஓட்ட எள்ளு அரைத்த மாதிரி எண்ணெய் விட்டு, கடைசியில் கருப்புச் சேறாக நின்றது. மிக்ஸி வேறு சூடாகி நின்றுவிட்டது. கொக்கோக் கொட்டையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அதைச் செக்கு மாதிரி அழுத்திப் பிழிந்து எடுத்தால்தான் மிச்சம் பவுடராகும். 1828ல் நெதர்லாந்தில் வான் ஹூட்டன் குடும்பத்தார் அப்படி ஓர் அழுத்துபொறிக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் கொக்கோ பவுடர் என்ற சரக்கே பரவலானது. என் மிக்ஸிக்கு அது தெரியாது. அந்தச் சேறு ஆறியதும் கட்டியாக உறைந்தது. துருவி, டார்க் சாக்லேட்டுக்குப் பதிலாகப் போட்டேன். சர்க்கரை துளியும் இல்லாத சாக்லேட், கசப்பு தொண்டையில் நிற்கும். வீட்டுக்காரருக்குப் பிடித்தது. பேரன் துப்பிவிட்டான்.

கடையில் வாங்கும் கொக்கோவில் இரண்டு வகை. ஒன்று இயல்பான கொக்கோ, நிறம் வெளிர் பழுப்பு, லேசான புளிப்பு. இன்னொன்று காரம், அதாவது புளிப்பை முறிக்கும் ஆல்கலி, சேர்த்துப் பதப்படுத்தியது, நிறம் அடர்த்தி, சுவை மென்மை. டப்பாவின் பின்பக்கம் அமிலச் சீராக்கி என்று போட்டு 501 என்ற எண் இருந்தால் அது இரண்டாவது வகை. அதற்குப் பேக்கிங் பவுடர்தான் சரி. இயல்பான கொக்கோ என்றால் அதில் புளிப்பு இருப்பதால், பேக்கிங் பவுடரோடு கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் சேர்க்கலாம், நன்றாகப் பொங்கும். கொக்கோ உடம்புக்கு நல்லது என்று சொல்வதெல்லாம் அதிலுள்ள ஃபிளேவனால் என்ற பொருளை வைத்து. காரம் சேர்க்கும்போது அது குறைந்துவிடுகிறது. அதனால் இயல்பானது கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் அதற்காகக் கோயமுத்தூர் வரை போக வேண்டாம்.

சாக்லேட் கட்டி வாங்கும்போது மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். பேக்கிங் சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பெரிய பெரிய கட்டிகள் பெரும்பாலும் காம்பவுண்ட். அதில் கொக்கோ வெண்ணெய் இருக்கிற இடத்தில் வேறு தாவரக் கொழுப்பு, பல சமயம் வனஸ்பதி போல ஹைட்ரஜனேற்றியது. சர்க்கரையும் பாதிக்கு மேல் இருக்கும். பொருள் பட்டியலில் கொக்கோ வெண்ணெய் என்று இருக்கிறதா பாருங்கள். வீட்டில் இவ்வளவு மெனக்கெட்டுச் செய்து கடைசியில் அதைப் போடுவதற்குப் பேக்கரிக்கே போய்விடலாம்.

வெண்ணெய் விஷயத்தில் வெளிநாட்டுக் குறிப்புகள் நம்மைக் கவிழ்க்கும். "அறை வெப்பநிலையில் இருக்கும் வெண்ணெய்" என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் அறை 20 டிகிரி. சித்திரை மாதம் எங்கள் அடுப்படி 35 டிகிரி. அங்கே அரை மணி நேரம் வைத்தால் வெண்ணெய் நெய்யாகி ஓடிவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக நறுக்கி, வெயில் காலத்தில் ஐந்தாறு நிமிடம், மார்கழியில் இருபது நிமிடம். விரல் வைத்து அழுத்தினால் குழி விழ வேண்டும், விரலில் எண்ணெய் பளபளக்கக் கூடாது. அதுதான் பதம்.

வெண்ணெயையும் சலித்த நாட்டுச் சர்க்கரையையும் மரக் கரண்டியால் மூன்று நிமிடம் குழைத்து அடியுங்கள். மிஷின் தேவையில்லை. நிறம் கொஞ்சம் வெளுத்து, பஞ்சு போல வரும். கருப்பட்டி போட ஆசைப்படுகிறவர்கள் அதைத் தட்டி அப்படியே போட்டுவிடாதீர்கள், மண் இருக்கும். கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கி, வடிகட்டி, கெட்டியாகக் காய்ச்சி ஆறவைத்து ஊற்ற வேண்டும். அப்படிச் செய்தால் டிக்காஷன் சேர்க்காதீர்கள், ஈரம் கூடிவிடும்.

முட்டையை உடைத்து ஊற்றிக் கலக்குங்கள். கொக்கோவைத் தனிக் கிண்ணத்தில் டிக்காஷனோடும் இந்தக் கலவையில் இரண்டு கரண்டியோடும் சேர்த்துக் குழைத்து, பிறகு மொத்தத்தில் சேருங்கள். கட்டி தட்டாது. டிக்காஷன் எதற்கு என்று கேட்டால், காபிக் கசப்பு கொக்கோவைத் தூக்கிக் காட்டும். பாதிச் சர்க்கரையைப் பிடுங்கிக்கொண்டோம், அந்த இடத்தில் வாசத்தையாவது நிரப்ப வேண்டாமா? காபி சுவை தனியாகத் தெரியாது. சிட்டிகை உப்பும் அதே காரியத்தைத்தான் செய்கிறது.

வறுத்த ராகி, கோதுமை மாவு, பேக்கிங் பவுடர், உப்பு நான்கையும் சேர்த்துச் சலித்து, கலவையில் கொட்டி, மாவு மறையும் வரை மட்டும் கலந்துவிட்டு நிறுத்துங்கள். சப்பாத்திக்குப் பிசைவது போல் பிசைந்தால் கோதுமை இறுகிவிடும். சாக்லேட்டைக் கத்தியால் ஒழுங்கில்லாமல் நறுக்கிப் போடுங்கள். சிலது சில்லாகவும் சிலது தூளாகவும் இருந்தால், 50 கிராமே நூறு மாதிரி எல்லா இடத்திலும் தெரியும். கடலையை உரலில் ஒன்றிரண்டாக இடித்துச் சேருங்கள்.

இப்போது மாவு கையில் ஒட்டும். மாவு அதிகம் போடலாமா என்று தோன்றும், போடாதீர்கள். மூடி, ஃப்ரிட்ஜில் 40 நிமிடம். ராகி ஈரத்தை இழுக்க மெதுவாகத்தான் இழுக்கும். அந்த நேரம் கொடுத்தால் நறநறப்பு போய்விடும், வெண்ணெயும் இறுகும். அடுப்பில் வைத்ததும் தோசை மாதிரி ஓடுவது இந்த 40 நிமிடத்தைச் சாப்பிட்டுவிடுகிறவர்களுக்குத்தான்.

ஓ.டி.ஜியை 170 டிகிரியில், மேல் கீழ் இரண்டு கம்பியும் எரியும்படி வைத்து 12 நிமிடம் முன்சூடு செய்யுங்கள். 20 கிராம் உருண்டைகளை பட்டர் பேப்பர் போட்ட தட்டில் இரண்டு விரல் இடைவெளி விட்டு வைத்து, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டுங்கள். சர்க்கரை குறைவானதால் தானாக அதிகம் பரவாது, நாம்தான் தட்ட வேண்டும். நடுத் தட்டில் 12 நிமிடம். என் அடுப்பில் முதல் ஆறு மாதம் அடி கருகிக்கொண்டே இருந்தது. உள்ளே வைக்கும் சின்ன வெப்பமானி வாங்கிப் பார்த்தால், 170 என்று வைத்தால் 190 காட்டுகிறது. இப்போது திருகை 150ல் வைக்கிறேன். வெப்பமானி இல்லாவிட்டால் இரண்டு தட்டை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வையுங்கள், அடி தப்பிக்கும்.

கொக்கோ குக்கீ ஏற்கெனவே கருப்பு, நிறம் பார்த்து வெந்ததா என்று சொல்ல முடியாது. ஓரம் தொட்டால் உறுதியாகவும் நடு அமுங்குவதாகவும் இருக்கும்போது எடுத்துவிடுங்கள். வேகவில்லையோ என்று இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் ஆறிய பிறகு பல்லுக்கு வேலை. தட்டிலேயே பத்து நிமிடம் கிடக்கட்டும், சூட்டோடு எடுத்தால் உடையும்.

நடுவில் கரண்டு போனால் கதவைத் திறக்காதீர்கள். எட்டு நிமிடம் ஓடியிருந்தால் உள்ளே இருக்கும் சூட்டிலேயே மிச்சம் வெந்துவிடும், பத்து நிமிடம் கழித்து எடுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் போனால் ஒன்றும் செய்வதற்கில்லை.

ஓவன் இல்லாதவர்கள் அடி கனமான அலுமினியப் பாத்திரத்தில் கல் உப்பு ஒரு விரல் உயரம் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடி, நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் சூடாக்கி, தட்டில் ஆறு உருண்டை வைத்து உள்ளே இறக்குங்கள். பிறகு சிறு தீ, 16லிருந்து 18 நிமிடம். மேல்புறம் ஓவன் அளவுக்கு மொறுமொறுப்பாகாது. நான்கு முறை வைத்து எடுக்க வேண்டும், பொறுமை வேண்டும்.

சர்க்கரைக்குப் பதில் வாழைப்பழம் போடலாமே என்று என் மகள் சொல்லி அதையும் செய்தோம். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் குக்கீ இல்லை, தட்டையான கேக். மறுநாள் சாயங்காலம் ஊசிப்போனது. பேரீச்சம்பழ விழுது பரவாயில்லை, 80 கிராமில் பாதிக்கு மாற்றலாம். அதிலும் பெரும்பகுதி சர்க்கரைதான் என்பதை மறக்க வேண்டாம். வெண்ணெயில் பாதியைச் செக்குக் கடலை எண்ணெயாக மாற்றினால் குக்கீ கொஞ்சம் அதிகமாக உதிரும், சுவை கெடாது. தேங்காய் எண்ணெய் ஊர்ப்பாசத்தில் போட்டுப் பார்த்தேன். வெண்ணெயை விட அதில்தான் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், அதனால் அந்த மாற்றத்துக்கு அர்த்தமில்லை, வாசத்துக்கு வேண்டுமானால் போடலாம்.

கணக்குக்கு வருகிறேன். சாக்லேட்டில் இருப்பதையும் சேர்த்தால் ஒரு குக்கீயில் சர்க்கரை 4 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் அளவு. கலோரி ஏறக்குறைய 90. சின்னதாக இருப்பதால்தான் இந்தக் கணக்கு. இதே மாவில் பேக்கரி அளவுக்குப் பெரிதாகத் தட்டினால் இரண்டு மடங்கு ஆகிவிடும். சுகர்காரர்களுக்கான பிஸ்கட் என்று இதை நான் சொல்ல மாட்டேன். அவருக்கு இரண்டு, அதுவும் தினமும் கிடையாது. டாக்டரிடம் கேட்டு வைத்த கணக்கு இது. உங்கள் வீட்டுக் கணக்கை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் இருக்கும். ஆனி ஆடியில் எங்கள் ஊரில் சாரல் பிடித்துவிட்டால் நாட்டுச் சர்க்கரை ஈரத்தை இழுத்து இரண்டே நாளில் நமுத்துவிடும். 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டி ஆறவைத்தால் திரும்ப மொறுமொறுப்பாகும்.

ஆனால் இப்போதெல்லாம் 24ஐயும் ஒரே நாளில் சுடுவதில்லை. உருட்டித் தட்டி, தட்டோடு ஃப்ரீசரில் இறுகவைத்து, பிறகு டப்பாவில் போட்டு அங்கேயே வைத்துவிடுகிறேன். ஒரு மாதம் தாங்கும். வேண்டிய அன்று நாலை மட்டும் எடுத்து, இளக விடாமல் அப்படியே, இரண்டு நிமிடம் கூடுதலாகச் சுட்டால் போதும். இவருக்கு இரண்டு, எனக்கு ஒன்று, பேரன் வந்தால் ஒன்று. டப்பாவில் சுட்ட பிஸ்கட் இல்லாததால் ராத்திரி பத்து மணிக்கு அடுப்படியில் மூடி திறக்கும் சத்தமும் நின்றுவிட்டது. போன வாரம் மட்டும் ஓ.டி.ஜி பக்கத்தில் நின்று, "ஏம் புள்ள, இந்த நடுத் திருகு எதுக்கு?" என்று கேட்டார். லைட்டுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.